கொல்லத்துக்குள் ஒரு திருநெல்வேலி

திருநெல்வேலி ஜில்லாவுக்குக் கொல்லத்தில் ஒரு கடற்கரை இருந்தது. எங்கள் செங்கோட்டைப் பக்கம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், “கொல்லமா? குலசேகரன்பட்டினமா இருக்கும்” என்று திருத்துவார்கள். கொல்லமேதான். கொல்லம் நகரின் நடுவே சின்னக்கடையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம், அந்தத் தங்கசேரி. 1927-லிருந்து 1950 வரை அந்த ஊர் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒட்டியிருந்த கொல்லம் முழுக்கத் திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. நடுவில் மலை, காடு, நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம், இன்னொரு அரசாங்கம். அத்தனையும் தாண்டி நம் ஜில்லாவுக்கு அந்தப் பக்கம் 99 ஏக்கர்.

நவம்பர் 1 வந்தால் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சண்டை தவறாமல் நடக்கும். 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது யார் எதை இழந்தார்கள் என்ற கணக்கு. தேவிகுளம் போச்சு, பீர்மேடு போச்சு, நெய்யாற்றின்கரை போச்சு, சித்தூர் போச்சு என்று இந்தப் பக்கம் பட்டியல் போடுவார்கள். நாஞ்சில்நாட்டு நெற்களஞ்சியம் போச்சு, செங்கோட்டை போச்சு என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் பதில் பட்டியல் போடுவார்கள். இரண்டு பட்டியலிலும் தங்கசேரி இருக்காது. நான் அதை நடுவில் எடுத்துப்போட்டால் ஒருவர் கட்டைவிரல் காட்டுவார், இன்னொருவர் சிரிப்பு பொம்மை போடுவார். ஒருமுறை பெரியவர் ஒருத்தர் மட்டும் பொறுப்பாகக் கேட்டார்: “அங்க நம்ம ஆளுவ இருக்காவளா தம்பி?”

இல்லை. அதாவது அவர் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியர்களும் லத்தீன் கத்தோலிக்க மீனவர்களும். “அப்ப சரி” என்று பெரியவர் முடித்துக்கொண்டார். அந்த “அப்ப சரி”தான் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. நம் ஆள் இல்லையென்றால் நம் மண் இல்லை என்பது நியாயமாகக்கூடத் தோன்றுகிறது. மொழிவாரி மாநிலத்தின் அடிப்படையே அதுதானே. ஆனால் 23 வருஷம் ஒரு ஊரின் பிறப்பையும் இறப்பையும் நிலவரியையும் எழுதிவைத்த ஒரு மாவட்டம், அந்த ஊரைக் கைவிட்டதுகூடத் தெரியாமல் இருக்குமா என்ன?

வளைவுக்கு அந்தப் பக்கம்

கொல்லத்தில் ஒரு முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வாரக் கடைசியில் செங்கோட்டைக்கு ரயில் ஏறிவிடுவேன். ஊருக்குப் போகாத ஞாயிறுகளில் தங்கசேரிக்கு நடை. ஊருக்குள் நுழையும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு வளைவு நிற்கிறது. பஸ்ஸும் ஆட்டோவும் அதற்குள் புகுந்துதான் போகும். வளைவிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஒரு பாட்டு கேட்டுக்கொண்டே நடந்துவிடலாம், பாட்டு கொஞ்சம் நீளமானதாக இருந்தால். இடையில் ஒரு கதீட்ரல், ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகள், ஓடு வேய்ந்த சில பழைய வீடுகள், அவற்றை இடித்த இடங்களில் அடுக்குமாடிகள், கோட்டை என்று சொல்லத்தக்க ஒரு செம்பாறைச் சுவர். 1519-ல் போர்த்துக்கீசியர் கட்டிய செயின்ட் தாமஸ் கோட்டையில் மிச்சம் அவ்வளவுதான். தொல்லியல் துறையின் நீலப்பலகை கோட்டையைவிடத் தெம்பாக நிற்கிறது.

மிளகுக்காக வந்தவர்கள் ஒவ்வொருவராக இந்த மூக்கு நிலத்தைப் பிடித்து உட்கார்ந்தார்கள். போர்த்துக்கீசியரிடமிருந்து 1661-ல் டச்சுக்காரர், டச்சுக்காரரிடமிருந்து 1795-ல் ஆங்கிலேயர். அதற்குள் சுற்றியிருந்த நாடெல்லாம் திருவிதாங்கூராக ஒன்றுசேர்ந்துவிட்டது. சமஸ்தானத்துக்கான தங்கள் பிரதிநிதிக்குக் கொல்லத்தில் ரெசிடென்ட் மாளிகையே கட்டி உட்கார்ந்த ஆங்கிலேயர்களுக்கு இந்த 99 ஏக்கர் தேவையே இல்லை. ஆனாலும் விடவில்லை. டச்சுக்காரரிடமிருந்து வந்த சொத்து என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு சமஸ்தானத்தின் நடுவே தனி நிலமாக வைத்துக்கொண்டார்கள். கொல்லத்துக்குத் தெற்கே அஞ்சுதெங்கு என்று இன்னொரு துண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1690-களில் கோட்டை கட்டிய இடம். 1906-ல் இந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து அஞ்சுதெங்கு மாவட்டம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். மாவட்டம்! இரண்டையும் கூட்டினால் நம் ஊரில் ஒரு குளத்துப் பாசனம்கூடத் தேறாது. 1927-ல் அதையும் கலைத்து திருநெல்வேலியோடு ஒட்டவைத்தார்கள். கொச்சிக் கோட்டை மலபார் மாவட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததும், காக்கிநாடாவுக்குப் பக்கத்து ஏனாம் இன்றைக்கும் புதுச்சேரியோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் இதே வகைதான்.

கோடு காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. வளைவுக்கு வெளியே சக்கரம், பணம் என்ற திருவிதாங்கூர் நாணயங்கள் புழங்கின. உள்ளே பிரிட்டிஷ் ரூபாய். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். வெளியே கடிதம் போட்டால் திருவிதாங்கூர் அஞ்சல். உள்ளே பிரிட்டிஷ் தபால். வெளியே தப்பு செய்துவிட்டு உள்ளே வந்துவிட்டவனைத் திருவிதாங்கூர் போலீஸ் நேராகப் போய்ப் பிடிக்க முடியாது; கேட்டு வாங்க வேண்டும். இந்த மாதிரித் துண்டு நிலங்கள் அரசாங்கத்துக்குத் தலைவலியாக இருந்த அளவுக்கு மற்றவர்களுக்கு வசதியாகவும் இருந்தன. திருவிதாங்கூர் திவானை உலுக்கியெடுத்த ‘சுதேசாபிமானி’ பத்திரிகை 1905-ல் தொடங்கியது அஞ்சுதெங்கில்தான். பிறகு அச்சகம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1910-ல் அரசாங்கம் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது. எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? திருநெல்வேலியில். நம் ஜில்லா ஒருகாலத்தில் மலையாளிகளுக்கு வெளிநாடாக இருந்தது என்பதே எனக்குப் பிடித்த விஷயம்.

எங்கள் ஊர் வளைவு

செங்கோட்டையிலும் ஒரு வளைவு உண்டு. தென்காசியிலிருந்து வருகிறவர்களை வாங்க என்று சொல்வது அதுதான். வாசலில் துவாரபாலகர்கள், மேலே திருவிதாங்கூரின் சங்கு முத்திரை. ஊரின் பெயரே அந்தச் சிவப்புக் கோட்டைவாசலால் வந்தது என்பார்கள். தங்கசேரி வளைவுக்குள் நுழைந்தால் மகாராஜாவை விட்டு வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போகிறீர்கள். செங்கோட்டை வளைவுக்குள் நுழைந்தால் வெள்ளைக்காரனை விட்டு மகாராஜா நாட்டுக்கு வருகிறீர்கள். இரண்டு வளைவையும் 1904-ல் வந்த கொல்லம்-செங்கோட்டை ரயில்பாதை கிட்டத்தட்ட ஒரே கோட்டில் கட்டிவைத்தது என்று எனக்கு ஒரு நினைப்பு. நான் வாராவாரம் போய்வருகிற பாதை என்பதால் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேனோ என்னவோ.

ஆச்சி உயிரோடு இருந்தவரை தென்காசியை ‘கும்பினி நாடு’ என்றுதான் சொல்லுவாள். கம்பெனி போய், ராணி போய், சுதந்திரமே வந்துவிட்ட பிறகும். தென்காசிச் சந்தையில் வாங்கிய புகையிலையை மடிக்குள் சுருட்டிக்கொண்டு வளைவைத் தாண்டிய கதையை ஆச்சி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிச் சொல்லுவாள். புகையிலைக்குத் திருவிதாங்கூரில் இறக்குமதித் தீர்வை உண்டு என்பதால் கதைக்கு அடிப்படை இருக்கிறது. சௌக்கிதாரின் மீசை மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது.

புகையிலை சின்ன விஷயம். கோடு பெரிய விஷயங்களையும் பிரித்தது. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். அன்றிலிருந்து செங்கோட்டையில் அரசாங்கக் கோயில்களுக்குள் எல்லா சாதியாரும் போகலாம். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்காசி பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்ததால் 1939-ல் சென்னை மாகாணச் சட்டம் வரும்வரை அந்த உரிமை இல்லை. ஒரே மொழி, ஒரே சாரல், பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள். வளைவுக்கு இந்தப் பக்கம் சாமி கும்பிட உள்ளே போகிறவர், அந்தப் பக்கம் மச்சினன் ஊருக்குப் போனால் வெளியே நிற்க வேண்டும். எல்லைக்கோடு மேப்பில் இருக்கும் வெறும் கீறல் என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

வாஞ்சிநாதன் கதையை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறோம். ஆனால் 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட அந்த செங்கோட்டை இளைஞர், புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர் என்பதை எங்கள் பக்கம் அவ்வளவாகச் சொல்வதில்லை. சமஸ்தானத்துப் பிரஜை அவர். அதைச் சொன்னால் வீரம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்களோ?

சரி, தேதிகளுக்கு வருகிறேன். ஏனென்றால் வேடிக்கை அங்கேதான் இருக்கிறது. 1947-ல் சுதந்திரம் வந்தபோதும் தங்கசேரி திருநெல்வேலி மாவட்டம்தான், செங்கோட்டை திருவிதாங்கூர்தான். 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1950-ல், ஒரு மாநிலத்துக்குள் சிக்கிய இன்னொரு மாநிலத்தின் துண்டு நிலங்களையெல்லாம் சுற்றியிருக்கும் மாநிலத்தோடு சேர்க்க ஓர் ஆணை வந்தது. அதில் தங்கசேரி கொல்லத்தோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. அதாவது நடுவில் ஆறு வருஷம் செங்கோட்டையும் தங்கசேரியும் ஒரே கொல்லம் மாவட்டத்தில் இருந்தன. அப்புறம் அவர்கள் விட்டுப்போன ஜில்லாவுக்குள் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

கையெழுத்து போடாத ஆன்ட்டி

அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் தங்கசேரி வளைவுக்குள் பிறந்தவர். என்னை அண்ணாச்சி என்பார். கேரளத்தில் தமிழன் என்றால் அண்ணாச்சிதான், வயசு பொருட்டில்லை. போன கிறிஸ்துமஸ் சமயத்தில், அவருடைய பெரியம்மாவின் வீட்டுக்கு என்னை அழைத்துப்போனார். கேக் சாப்பிட மட்டும் இல்லை என்பது வழியில்தான் தெரிந்தது. “ஒரு பேப்பர் விஷயம் அண்ணாச்சி. தமிழ்நாட்டுச் சமாச்சாரம். நீங்க பார்த்தா புரியும்.”

ஓடு வேய்ந்த தாழ்வான வீடு. கடல் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துரு. அந்த அம்மாள் 1938-ல் பிறந்தவர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பூப்போட்ட கவுன், கழுத்தில் ஜெபமாலை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நானும் ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன். மலையாளமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். எனக்காக நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொல்லும் வந்தது, காய்கறிக்காரர்களிடம் கற்றதாம். கேக்கும் அச்சப்பமும் கல்கல்லும் வைத்தார்கள். எங்கள் வீட்டில் ஆச்சி பொரித்த அச்சுமுறுக்கும் இந்த அச்சப்பமும் ஒரே அச்சு. அதைச் சொன்னதும் எப்படிச் செய்வீர்கள், முட்டை உண்டா இல்லையா என்று கேட்க ஆரம்பித்து, பேப்பர் விஷயம் கால் மணி நேரம் தள்ளிப்போனது.

மகள் ஆஸ்திரேலியாவில். தங்கசேரியில் பாதி வீடுகளின் கதை அதுதான். வெள்ளைக்காரன் போன கையோடு ஒரு தலைமுறை, அப்புறம் எழுபதுகளில் ஒரு தலைமுறை. மகளிடம் ஒரு தடவை போய்வர வேண்டும், பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. புதுசுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிற கடையில் உட்கார்ந்தபோது சிக்கல் வந்தது. பிறந்த மாநிலம் கேரளம் என்று தேர்ந்தெடுத்தால், மாவட்டப் பட்டியலில் திருநெல்வேலி வராது. தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தால், வாழ்ந்தது படித்தது வாக்களித்தது எல்லாம் கேரளமாக இருக்கையில் இது என்ன புதுக்கதை என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்பார்கள். கேட்டார்கள்.

காகிதத்தை என்னிடம் நீட்டினார். பிறப்புப் பதிவேட்டு நகல், ஆங்கிலத்தில். மடித்த இடங்களில் டேப் ஒட்டியிருந்தது. கிராமம் தங்கசேரி. மாவட்டம் என்ற இடத்தில், வெள்ளைக்காரன் எழுதுகிற மாதிரியில், ‘தின்னெவெல்லி’. புத்தகத்திலும் இணையத்திலும் படித்த ஒரு விஷயத்தை, அதற்குள்ளேயே பிறந்த ஒருவரின் கையில் பார்ப்பது வேறு. நான் அதை வாசித்துவிட்டு, கைபேசியை எடுத்து அப்பாவின் பிறப்புச் சான்றைக் காட்டினேன். ஓய்வூதிய விஷயத்துக்காக அப்பா அனுப்பியிருந்த படம் அப்படியே கிடந்தது. 1952. செங்கோட்டை. கொல்லம் ஜில்லா, திருவிதாங்கூர்-கொச்சி. ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “பாவம், உங்க அப்பா என்ன செய்தார்?” என்றுதான் முதலில் கேட்டார். சிரிக்கவில்லை.

அப்பா என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். எழுபதுகளில் தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் சேரும்போது இதே கேள்வி வந்தது. குமாஸ்தா ஒருவர் வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதச் சொன்னார்: ‘நான் பிறந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம், தமிழ்நாடு, சான்றிதழில் கொல்லம் என்றிருப்பது தவறுதலாக.’ அப்பா எழுதிக் கையெழுத்து போட்டார். வேலை கிடைத்தது. அதைப் பற்றி அவர் இரண்டாவது தடவை யோசித்ததாகவே தெரியவில்லை. “கெடக்கு, வேலைதானல முக்கியம்” என்பார். எனக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வேலையில் வந்த சம்பளத்தில்தான் நான் வளர்ந்தேன்.

ஆன்ட்டிக்கும் அப்படியொரு தாள் தயாராக இருந்தது. வக்கீல் ஒருவர் பத்திரத்தில் டைப் செய்து கொடுத்திருந்தார். நண்பர் என்னை அழைத்துவந்ததே அதற்குத்தான். அது வெறும் எழுத்துப்பிழை, கையெழுத்து போட்டால் எல்லாம் முடியும் என்று ஒரு தமிழ்நாட்டுக்காரரும் சொன்னால் பெரியம்மா கேட்பார் என்று நினைத்திருக்கிறார். பெரியம்மாவின் சான்றிதழில் திருநெல்வேலி என்றிருப்பது யாரோ குமாஸ்தாவின் கைத்தவறு என்றே அவர் இத்தனை நாளும் நம்பியிருந்தார். நான் தேதிகளைச் சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பிறந்து வளர்ந்த ஊர். தினமும் அந்த வளைவுக்குள் பைக் ஓட்டுகிறார். அந்த வளைவு எதற்கு அங்கே நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஆன்ட்டி அந்தப் பத்திரத்தைத் தொடக்கூட இல்லை. “பிழையாக எழுதப்பட்டுள்ளது என்று இருக்கு மோனே. பிழை இல்லையே. என் அப்பா நேரில் போய் எழுதிவைத்தது. அவருக்கு எந்த ஜில்லா என்று தெரியாதா?” என்றார். அப்புறம், “என் அப்பா தப்பாகச் சொன்னார் என்று நான் கையெழுத்து போடணுமா, ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்காக?”

திருநெல்வேலியின் மேல் அவருக்குப் பாசம் எதுவும் இல்லை. கேட்டுப் பார்த்தேன். ஒருமுறைகூட போனதில்லை. அங்கே கடல் உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்டார். சின்ன வயதில் எப்போதாவது ஜில்லாவிலிருந்து அதிகாரி வருகிறார் என்றால் அப்பா அலமாரியிலிருந்து கோட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டுவார், அவ்வளவுதான் நினைவு. கேரளத்தின் மேலும் அவருக்குக் கோபமில்லை. அவருடைய பிடிவாதம் நடந்த ஒரு விஷயம் நடக்கவில்லை என்று எழுதித் தர மாட்டேன் என்பது மட்டும்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இத்தனை வருஷமாக மண்ணுக்காகப் பேசுகிறவர்கள் யாருக்கும் இந்த அளவு வைராக்கியம் இருந்து நான் பார்த்ததில்லை. நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

யாரும் தேடாத ஊர்

வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவின் நாலு வரியையும் ஆன்ட்டி தொடாத பத்திரத்தையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். 1956 சத்தமாக நடந்தது. நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் வருஷக்கணக்கில் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11-ல் தென் திருவிதாங்கூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதனால் அந்த நாளுக்கு ஒரு நினைவு இருக்கிறது, சிலை இருக்கிறது, விடுமுறை கேட்டு மனு இருக்கிறது. 1950-ல் தங்கசேரியில் எந்தச் சத்தமும் இல்லை. டெல்லியில் ஓர் ஆணை, இங்கே கோப்புகள் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு. அந்தத் துண்டு நிலங்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு கலெக்டரை வைத்துக்கொண்டு ஒரு தெருவிளக்குக்கு மனுப் போட முடியுமா? சேர்த்தது சரிதான். ஆனால் சரியாகச் செய்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளலாமே. தமிழ்நாட்டில் அது யாருடைய இழப்பும் இல்லை என்பதால் மறந்தாயிற்று. கேரளத்தில் அது யாருடைய வெற்றியும் இல்லை என்பதால் மறந்தாயிற்று. நடுவில் இருந்தவர்களுக்கு இரண்டு பட்டியலிலும் இடமில்லை.

அவர்களுக்கென்று இருந்த ஒன்றிரண்டு இடங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் ஆங்கிலோ-இந்தியர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு நின்றுபோயின. கொல்லம் மாநகராட்சியில் தங்கசேரி இப்போது ஒரு பகுதி. சுற்றுலாப் பலகைகளில் அதன் முகவரி கலங்கரை விளக்கம்தான்: 1902-ல் கட்டியது, 41 மீட்டர் உயரம், சிவப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்த பட்டைகள். மாலையில் சீட்டு வாங்கி ஏறுகிறவர்கள் கடலைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் அந்த 99 ஏக்கரும் மொத்தமாகத் தெரியும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காட்டிவிடலாம். பெரும்பாலும் யாரும் திரும்புவதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது.

செங்கோட்டைக்கு இப்படியொரு மறதி வாய்க்கவில்லை. காரணம், கோடு மாறினாலும் போக்குவரத்து நிற்கவில்லை. புனலூர்ச் சந்தை, கொல்லத்து வேலை, ஆரியங்காவு ஐயப்பன். ஆரியங்காவில் சாஸ்தாவுக்குத் திருக்கல்யாணம் நடக்கும்போது பெண்வீட்டார் மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் வருகிறார்கள். அச்சன்கோவில் சாஸ்தாவின் ஆபரணப் பெட்டி இன்னும் அழகு. புனலூர்க் கருவூலத்திலிருந்து கிளம்பி, அச்சன்கோவிலுக்குப் போக வேண்டும், இரண்டும் கேரளத்தில். ஆனால் பெட்டி மலையேறி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி, பண்பொழி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் போய்ச் சேரும். வழியெல்லாம் எங்கள் ஆட்கள் மாலை போட்டு வரவேற்பார்கள். சாமி வருஷா வருஷம் எல்லை தாண்டுகிறவரை ஊருக்கு எல்லை மறக்காது. தங்கசேரிக்குத் திருநெல்வேலியிலிருந்து எந்தச் சாமியும் வரவில்லை. கோட்டு போட்ட அதிகாரி வந்தார், 1950-க்குப் பிறகு அவரும் வரவில்லை.

ஆன்ட்டியின் விஷயம் இன்னும் முடியவில்லை. வக்கீல் இப்போது வேறு வழி சொல்கிறார். 1938-ல் தங்கசேரி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது, பிறகு கொல்லத்தோடு சேர்ந்தது என்று காட்டுகிற அரசாணை அல்லது அரசிதழ் நகல் ஒன்றைக் கொண்டுவந்தால், சான்றிதழைப் பிழை என்று சொல்லாமலே விண்ணப்பத்தில் கொல்லம் என்று போடலாமாம். கொல்லத்தில் கேட்டதற்கு, பழைய கோப்பு திருநெல்வேலியில்தான் இருக்கும் என்றார்கள். நண்பர் திருநெல்வேலிக்குப் போன் போட்டதற்கு, ஊர் உங்கள் ஊர், கோப்பு உங்களிடம்தான் இருக்கும் என்றார்களாம்.

போன ஞாயிறு ஆன்ட்டி என்னையே கூப்பிட்டார். “மோனே, நீ அந்த ஜில்லாக்காரன்தானே. நீ போய்க் கேட்டால் தருவார்கள்.” ஆன்ட்டி, 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது, செங்கோட்டை இப்போது அதில்தான் இருக்கிறது, நானும் திருநெல்வேலிக்காரன் இல்லை என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பின்னால் இருந்த யாரிடமோ ஆங்கிலத்தில் அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். “அப்போ நம்ம இரண்டு பேருக்கும் சேர்த்தே கேட்டு வா” என்றார். திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் பழைய பதிவறை எந்த மாடியில் என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.